காவலுக்குப் போன தம்பி

எனக்கு வாய்த்த முதல் உத்தியோகம் காவல்; சம்பளம் ரோஸ் மில்க். அரைக்கால் சட்டையை விட்டு முழுக்கால் சட்டைக்கு மாறலாமா என்று வீட்டில் இன்னும் முடிவாகாத வயதில், கோவில்பட்டியிலிருந்து வந்து எங்கள் மயிலாப்பூர் வீட்டில் தங்கி விலங்கியல் படித்துக்கொண்டிருந்த பெரியம்மா மகளுக்குத் துணையாக நியமிக்கப்பட்டேன். 1980களின் நடுவில் மெட்ராஸில் வளர்ந்த பையன்களில் பலர் இந்த வேலையைப் பார்த்தவர்கள்தான். இதைப் படிக்கிற உங்களில் யாராவது, "அக்கா கூட லைப்ரரிக்குப் போய்ட்டு வாடா" என்று அனுப்பப்பட்டு, லைப்ரரி இருக்கும் திசைக்கு நேர் எதிரே போகிற பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். தைரியமாக ஒப்புக்கொள்ளலாம். அந்த அக்காக்களுக்கெல்லாம் இப்போது அறுபது வயதாகப் போகிறது. விசாரிக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் போட்டோவாகி மாலை போட்டுக்கொண்டு சுவரில் இருக்கிறார்கள்.

ஒரு வயசுப் பெண்ணோடு ஒரு பொடியனை அனுப்பிவிட்டால் எந்த ஆபத்தும் கிட்டே வராது என்று பெரியவர்கள் எப்படி நம்பினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெருமுனை நாய் குரைத்தால் நான்தான் அக்காவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். காவல் என்று பெயரே தவிர, நான் ஒரு நடமாடும் சாட்சி. சாட்சியைக் கலைக்கும் வித்தை அக்காவுக்குக் கைவந்திருந்தது. மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க் ஒன்றுக்கு, "காலேஜ் விட லேட்டாயிருச்சும்மா" என்கிற அளவில் ஒரு சின்னப் பொய் சொல்வேன். அதற்கு மேற்பட்ட பொய்களுக்குத் தனி ரேட். "ஏலே, வீட்ல மூச்சு விட்ட, தோல உரிச்சு உப்புத் தடவிருவேன்" என்று மிரட்டிக்கொண்டே மறு கையால் கோன் ஐஸை நீட்டுகிற அந்த நிர்வாகத் திறமையை, பிற்காலத்தில் என்னைக் கட்டி மேய்த்த எந்த மேனேஜரிடமும் நான் பார்க்கவில்லை.

பெரியப்பாவுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. ஊருக்கு வெளியே கரிசல் நிலம், அதில் உழ ஒரு டிராக்டர், கடைத்தெருவில் நடந்தால் எழுந்து நிற்கிற ஆட்கள் என்று அங்கே அவர் பெரிய மனிதர். அந்தப் பணம் ராத்திரி ரயிலேறி எழும்பூரில் இறங்கும்போது பாதியாகி, ஜெமினி பாலத்தைத் தாண்டுவதற்குள் சில்லறையாகிவிடும் என்பதை அக்கா கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே கண்டுகொண்டாள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் போட் கிளப் ரோட்டுப் பெண். அவள் வழியாக அவளுடைய அண்ணன், அண்ணன் வழியாக அவனுடைய கூட்டம்: ஏற்றுமதிக்காரர் மகன், மில் முதலாளி மகன், சினிமாவுக்கு ஃபைனான்ஸ் செய்கிறவர் மகன். பெயர்கள் எனக்கு அப்போதே மனதில் நிற்கவில்லை, வண்டிகள்தான் நின்றன. ஆகவே இங்கேயும் அவர்களைக் கான்டெஸா, யெஸ்டி என்றே சொல்லப்போகிறேன். கான்டெஸா 1984இல்தான் வந்தது. மாருதிக்கு முன்பணம் கட்டிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தெருவில் அந்த வண்டி ஒரு நாள் திரும்பியபோது, வீட்டுத் திண்ணைகள் எல்லாம் எழுந்து நின்றன என்று சொன்னால் மிகையில்லை. அக்கா மட்டும் அந்த வண்டியைப் பார்க்காதது போலத் தலையைக் குனிந்துகொண்டு, வழக்கத்தைவிட வேகமாகக் கோலம் போட்டாள்.

அந்தக் கூட்டத்தின் தலைமையகம் கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962இல் தொடங்கிய இடம். நான் பார்த்தபோதே மரங்கள் கூரைபோல் மூடியிருந்தன. காரைவிட்டு இறங்கவே வேண்டாம், கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள், அதில் தோசையும் காபியும் வரும். ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தையே ஓட்டலாம், யாரும் பில்லை நீட்டி விரட்டுவதில்லை. பக்கத்துக் காரில் ஒரு எதிர்கால டைரக்டர் கதை சொல்லிக்கொண்டிருப்பார், அதற்கடுத்த காரில் யாரோ நிலம் பேசி முடித்துக்கொண்டிருப்பார்கள், நடுவில் கான்டெஸாவின் பின்சீட்டில் தாவணி போட்ட அக்காவும் சட்னி சிந்தாமல் சாப்பிடுகிற நானும். யோசித்துப் பார்த்தால், அக்கா செய்த முதல் பாவம் நான்கு கதவும் சாத்திய காரில் உட்கார்ந்து, நெய் ரோஸ்ட் தின்றதுதான். 2008இல் அந்த இடத்தை மூடினார்கள். 2010இல் செம்மொழிப் பூங்காவாகத் திறந்தார்கள். நல்ல பூங்கா, குறை சொல்வதற்கில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்து உள்ளே போய், கான்டெஸா நின்ற இடம் எது என்று என் மனைவிக்குக் காட்டத் தேடினேன். அங்கே ஒரு செடி இருந்தது. அவள் செடியைப் பாராட்டினாள்.

தாவணியில் கிளம்புகிற அக்கா ஜீன்ஸாக மாறுகிற இடம் போட் கிளப் ரோட்டுத் தோழியின் வீடு. பர்மா பஜாரில் வாங்கிய அந்த ஜீன்ஸ், விலங்கியல் ரெக்கார்டு நோட்டுக்கு அடியில், தவளைக்கும் மண்புழுவுக்கும் கீழே மடிந்து கிடக்கும். இன்னொரு பொருளின் மறைவிடம் இதைவிட அழகு. தவளை அறுக்க ஒரு டிஸெக்‌ஷன் பாக்ஸ் வைத்திருப்பார்கள், நீங்கள் பார்த்திருப்பீர்கள்: கத்தரி, கத்தி, இடுக்கி, ஊசிகள் எல்லாம் வரிசையாகச் செருகிய பெட்டி. அக்காவின் பெட்டியில் பெரிய இடுக்கிக்கும் சின்ன இடுக்கிக்கும் நடுவில் ஒரு லிப்ஸ்டிக் இருந்தது. அம்மா அந்தப் பெட்டியை ஒரு நாளும் திறந்ததில்லை. ஃபார்மலின் வாடை அடிக்கிற பெட்டியை எந்தத் தாய் திறப்பாள்? உளவுத்துறை ஆட்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

லிப்ஸ்டிக் எதற்கு என்றால், ஜாம் செஷனுக்கு. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்கள்: எங்கள் ஊரில் டிஸ்கோ பட்டப்பகலில் நடந்தது. வீட்டுக்கு விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்ப வேண்டிய பெண்கள் வேண்டும் என்பதற்காக, பெரிய ஹோட்டல்களில் மத்தியானம் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு இரவைத் தயார் செய்வார்கள். மூன்று மணிக்கு உள்ளே நள்ளிரவு. வெளியே வந்தால் மவுண்ட் ரோடு வெயில் முகத்தில் அறையும். ஆடிக் களைத்த கூட்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கும். சில பெண்கள் 29சி பிடித்து மகளிர் சீட்டில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வருகிற முகத்தோடு வீடு போய்ச் சேர்வார்கள்.

எனக்கு அங்கே அனுமதி இல்லை. காவல்காரனை எங்கே வைப்பது? அக்கா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். சஃபையர் வளாகத்தில் புளூ டைமண்ட் என்றொரு தியேட்டர். அங்கே இங்கிலீஷ் படம் இடைவெளியில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், ஒரே டிக்கெட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். என்னை அங்கே உட்கார வைத்துவிட்டு, கையில் பாப்கார்னைத் திணித்துவிட்டு அவள் போய்விடுவாள். நான் வில்லன் சாவதை முதலில் பார்ப்பேன். பிறகு அவன் எதற்காகச் செத்தான் என்று தெரிந்துகொள்வேன். பிறகு மறுபடி சாவதைப் பார்ப்பேன். அக்கா வந்து தோளைத் தட்டும்போது பாதிப் படங்களில் கதாநாயகன் நாயகியை இன்னும் சந்தித்தே இருக்கமாட்டான். முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பத்தைப் பார்க்கிற சுகம் ஒன்று உண்டு. அதை இப்போது எந்த மல்ட்டிபிளெக்ஸும் கொடுப்பதில்லை. ஷோ முடிந்த மறுநிமிடம் துடைப்பத்தோடு வந்து நிற்கிறார்கள்.

வீடு திரும்புவதற்கு முன் கடைசி வேலை ஒன்று பாக்கியிருக்கும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஊறிய தலைமுடி சிகரெட் புகையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அம்மாவின் சோதனைக் கூடம் அவள் மூக்கு. ஆகவே லஸ் முனையில் இறங்கி அக்கா இரண்டு முழம் மல்லிகை வாங்கி, பாதிப் பின்னலை மறைக்கிற மாதிரி வைத்துக்கொள்வாள். "பட்டணத்துக்கு வந்தும் பாரு, பிள்ள பூ வைக்கத மறக்கல" என்று அம்மா பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். பூ அதிகமாக வைத்த நாளெல்லாம் ஆட்டம் அதிகமான நாள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

டெலிபோன் கதை தனி. எங்கள் வீட்டுக் கறுப்பு போனின் டயலில் அப்பா ஒரு குட்டிப் பூட்டுப் போட்டு, சாவியைப் பூணூலில் கட்டிக்கொள்ளும் எதிர்வீட்டு மாமா மாதிரி இல்லாமல், அரைஞாணில் கட்டியிருந்தார். டயலைச் சுற்ற முடியாவிட்டால் என்ன? ரிஸீவர் உட்காருகிற பட்டனைத் தட்டினாலே நம்பர் போகும்: ஐந்துக்கு ஐந்து தட்டு, சைபருக்குப் பத்துத் தட்டு. நிதானம் வேண்டும், நடுவில் ஒரு தும்மல் வந்தால் ராயபுரத்தில் யாரோ எடுப்பார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மிருதங்கக்காரர் மாதிரித் தட்டுவாள். பதில் சமிக்ஞை இரண்டு மணி அடித்து நின்றுவிடும். "பிளாங்க் கால்" என்று அப்பா எரிச்சலோடு சொல்வார்; அக்கா சாமி ரூமில் விளக்கேற்றப் போவாள், முகத்தில் அப்படியொரு பக்தி. அன்றைக்கு அப்பாக்கள் பிள்ளைகளிடமிருந்து போனைப் பூட்டி வைத்தார்கள். இன்றைக்கு என் மகள் என்னிடமிருந்து பூட்டி வைக்கிறாள். சாவியோ அவள் முகத்திலேயே இருக்கிறது, அரைஞாணில் கட்டினால்கூட எடுத்திருக்கலாம்.

இனி வேட்டிக் கதை. இதை நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லிவிட்டேன், இருந்தாலும் எழுதி வைக்காமல் போக மனமில்லை. எக்ஸைஸ் ஆபீஸ் வேலையாகப் பெரியப்பா சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராஸ் வந்தார். எந்தப் புண்ணியவான் காதில் ஓதினானோ, அவருடைய மகளை இன்ன கிளப்பில் பார்த்ததாகத் தெரிந்து, ரயில் அழுக்குப் போகக் குளித்து, எட்டு முழம் வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நேரே அந்தக் கிளப் வாசலில் போய் இறங்கிவிட்டார். உள்ளே நீச்சல் குளத்தங்கரையில் நான் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அக்கா ஜீன்ஸில் இருந்தாள். வாசல் காவலாளி பெரியப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேட்டிக்கு அனுமதியில்லை என்று சொல்லியிருக்கிறார். "இந்த வேட்டியப் பாத்து எங்கூர்ல எம்புட்டுப் பேரு எந்திரிச்சு நிப்பான் தெரியுமாய்யா?" என்று அவர் கேட்க, காவலாளி ரூல்ஸ் சொல்ல, பெரியப்பா காந்தி வட்டமேஜை மாநாட்டுக்குப் போனதைச் சொல்ல, அந்த வாக்குவாதம் நீண்டது. அதற்குள் ஒரு பேரர் உள்ளே ஓடி வந்து விஷயத்தைச் சொன்னார். சமையலறைக் கதவு, சந்து, ஆட்டோ. பெரியப்பா வியர்க்க விறுவிறுக்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, கரப்பான்பூச்சியின் செரிமான மண்டலத்துக்குப் பச்சைப் பென்சிலால் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு தண்ணி கேட்டார். "வெள்ளக்காரன் போயும் கொழுப்புப் போகல" என்று மட்டும் சொன்னார். அது யாரைப் பற்றி என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் பாதி தெரிந்திருக்கலாம்.

2014இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியிருந்தார் என்று சென்னையில் ஒரு கிளப்பில் விடாமல் திருப்பியனுப்ப, சட்டசபை வரை சத்தம் போய், வேட்டியைத் தடுத்தால் தண்டனை என்று அந்த வருஷமே சட்டம் வந்தது. தமிழ்நாடே கொண்டாடியது. அக்கா எனக்குப் போன் போட்டாள். "இந்தச் சட்டத்த மட்டும் அப்பமே போட்டிருந்தா, நான் டிகிரி முடிச்சிருக்க மாட்டம்லே."

வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போகிறேனே தவிர, அந்தக் கூட்டத்தில் எல்லாக் கணக்கும் சிரிப்பில் முடியவில்லை. பையன்களுக்கு ஆபத்து என்றால் வண்டியில் ஒரு ஒடுக்கு. பெண்களுக்கு என்றால் படிப்பு நின்றது. ஐ.ஐ.டி.யில் மார்டி கிரா என்று ஆண்டுதோறும் விழா நடக்கும், இப்போது சாரங் என்கிறார்கள். அங்கே திறந்தவெளி அரங்கில் எடுத்த ஒரு படம் ஒரு பத்திரிகையில் வந்தது. படத்தின் ஓரத்தில், யாரோ ஒரு பையனின் தோளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்த பெண் அக்காவின் சிநேகிதி. கையில் ஒன்றுமில்லை, பக்கத்தில் யாருமில்லை, சிரித்தாள், அவ்வளவுதான். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். கடைசி செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருந்தார்கள், அது வீண். அக்கா அந்தக் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போனாள். மணமேடையில் போட்டோகிராபர், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார்.

இரவுக் கதைக்கு வருகிறேன். 1986. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஆச்சி மட்டும். ஆச்சிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் கண்ணும் காதும் லீவு. முட்டுக்காட்டுக்கு அந்தப் பக்கம் கான்டெஸாவின் மாமாவுக்கு ஒரு கடற்கரை வீடு, அங்கே பர்த்டே. அதுவரை அந்த ரோட்டில் நாங்கள் போனதெல்லாம் பகலில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு என்று சொல்லி. விலங்கியல் மாணவிக்கு அதைவிடப் புனிதமான பயணம் ஏது? 1976இல் அந்தப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர், மெட்ராஸில் எத்தனை பெண்களுக்கு உதவியிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. என்னை விட்டுவிட்டுப் போனால் ஆச்சியிடம் உளறுவேன் என்று அக்கா கூடவே கூட்டிப்போனாள்.

அப்போது ஈ.சி.ஆர். கிடையாது. கோவளம் ரோடு என்று ஒன்று, ஒரு பஸ் வந்தால் எதிரே வருகிற வண்டி மணலில் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, நடுவே மீனவக் குப்பங்களின் விளக்கு. கடற்கரை வீட்டில் வி.சி.ஆர்., பெரிய ஸ்பீக்கர், தரையில் உடைந்த ஐஸ். டாஸ்மாக் 1983இலேயே வந்துவிட்டது, ஆனால் அது அரசாங்கத்தின் மொத்த வியாபாரம். இந்தப் பிள்ளைகளுக்கு உள்ளூர்ச் சரக்கு ஆகாது, பர்மா பஜார் வழியாகக் கப்பலில் வந்ததுதான் வேண்டும். எனக்கு கோல்டு ஸ்பாட். யெஸ்டி கிடாரை எடுத்துப் பாடினான். நன்றாகப் பாடுவான், தமிழ்ப் பாட்டும் பாடுவான், அந்தக் கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். இரண்டாவது கோல்டு ஸ்பாட்டுக்குப் பிறகு காரின் பின்சீட்டில் தூங்கிவிட்டேன்.

கதவு திறந்த சத்தத்தில் விழித்தேன். கான்டெஸா டிரைவர் பக்கம் நின்றுகொண்டு சாவியைத் துளையில் விட முயன்றான். சாவி வேறெங்கோ போனது. அக்கா எதிரே நின்று கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"ஐ ஆம் ஃபைன், யா."

"எந்தம்பி பின்னால கெடக்கான். சாவியக் குடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோவில்பட்டியில் மாட்டு வண்டிதானே ஓட்டுவார்கள் என்று ஒருவன் கேட்டான். "டிராக்டர்" என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லுக்கு அந்தக் கூட்டத்தில் யாரிடமும் பதிலில்லை. யெஸ்டிதான் சாவியை வாங்கி அவள் கையில் வைத்தான்.

அவள் ஓட்டிய அழகை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். ஸ்டியரிங்கை மாரோடு அணைத்துக்கொண்டு, கரிசல் காட்டில் உழுகிற வேகத்தில், மெட்ராஸிலேயே புத்தம் புதிய காரை இரண்டாவது கியருக்கு மேல் விடாமல் உருட்டினாள். எஞ்சின் கதறியது. ஒவ்வொரு லாரி விளக்குக்கும் ஓரம் கட்டி நின்றாள். உதட்டில் லிப்ஸ்டிக் இருந்தது, வாயில் கந்தசஷ்டிக் கவசம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் கான்டெஸா கண்ணாடியை இறக்கி வாந்தி எடுத்தான், பிறகு அவனுடைய அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லி அழுதான், பிறகு தூங்கினான். பின்னால் யெஸ்டியின் ஒற்றை விளக்கு திருவான்மியூர் வரை வந்தது. அடையாறில் கான்டெஸா வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோவைப் பேரம் பேசாமல் பிடித்து வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்த ஆச்சி, "மேல உப்புக்காத்து வாடை அடிக்கே, மெரினாவுக்கா போனீய?" என்றாள். "ஆமா ஆச்சி" என்றாள் அக்கா. கடல் என்ற அளவில் அது உண்மை.

அதற்குப் பிறகு எந்த ஜாம் செஷனும் இல்லை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் தெரியவே தெரியாது, அவளாகத்தான் நிறுத்தினாள். காரணம் கேட்டதற்கு, "காது வலிக்குலே" என்றாள். யெஸ்டி அடுத்த வருஷம் அதே ரோட்டில், ஈஞ்சம்பாக்கம் தாண்டி, ஒரு மணல் லாரியில் மோதி இறந்தான். அவனுடைய பெயரை எனக்கு நன்றாகத் தெரியும்.

2022 அக்டோபரில், குடித்துவிட்டு ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் என்று தமிழ்நாட்டில் அபராதம் ஏறியது. கூட உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் உண்டு என்று சென்னைப் போலீஸ் அறிவித்தது. பேப்பரில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 1986இல் அன்றிரவு கான்டெஸா ஓட்டியிருந்தால், அந்தச் சட்டப்படி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நானும் குற்றவாளி ஆகியிருப்பேன். அவனை ஓட்டவிடாமல் நிறுத்தியதற்கும் நானே காரணம். மூன்று வருஷக் காவல் உத்தியோகத்தில் நான் உருப்படியாகக் காவல் காத்தது அந்த ஒரு இரவுதான், அதையும் தூக்கத்தில் செய்தேன்.

கோவளம் ரோடு இப்போது சுங்கச்சாவடி வைத்த பெரிய சாலை. சவுக்குத் தோப்பு இருந்த இடங்களில் ரிசார்ட்; மீன் வறுத்த குப்பத்துப் பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த காபிக் கடை, அங்கே ஒரு காபியின் விலைக்கு நாங்கள் டிரைவ்-இன்னில் ஒரு கல்யாணப் பந்தியே நடத்தியிருப்போம். என் மகளுக்கு இருபது வயது. அவளோடு அனுப்பத் தம்பி இல்லை. ஒற்றைப் பிள்ளை வீடு. அதற்குப் பதிலாக அவளுடைய போனிலிருந்து ஒரு நீலப் புள்ளி என் போனுக்கு வருகிறது. ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க அந்தப் புள்ளி அண்ணாநகரில் ஒரு தோழியின் வீட்டில் ஆடாமல் அசையாமல் இருந்தது. நானும் மனைவியும் அந்தப் புள்ளியின் ஒழுக்கத்தை மெச்சிக்கொண்டு தூங்கிவிட்டோம். மறுநாள் காலை யாருடைய இன்ஸ்டாகிராம் படத்திலோ, முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தங்கரையில் என் மகள் சிரிக்கிறாள். போன் மட்டும் அண்ணாநகரில் சார்ஜில் இருந்திருக்கிறது. என்னை புளூ டைமண்டில் உட்கார வைத்த மாதிரி அதை உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தாளா தெரியவில்லை.

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுக் கோவில்பட்டியில் இருக்கிறாள். அந்தப் பழைய கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அவளும் உண்டு. கான்டெஸா தினமும் விடியற்காலையில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறானாம், இன்றைய இளைஞர்களின் ஒழுக்கக்கேடு பற்றி நீளமாக ஃபார்வர்டு செய்கிறானாம். அதைச் சொல்லி அவள் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன்.

"எப்பிடி வந்தா வீட்டுக்கு?" என்று கேட்டாள்.

"யாரோ ஃபிரெண்டு கார்ல டிராப் பண்ணினானாம்."

"அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

தெரியாது. சென்னை டிராஃபிக்குக்குப் பயந்து நாங்கள் விடவில்லை. கேட்கிற நேரத்துக்கு டாக்ஸி வருகிறதே என்றேன்.

"அப்ப இருபது வருசமா என்னத்தல புள்ள வளத்த?" என்று போனை வைத்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் அந்த வயதில் பெண் இருந்தால், புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட் நடக்கும்போது மட்டும் பக்கத்தில் போய் நிற்க வேண்டாம். நான் நின்றேன், அவள் முதல் தடவை ஃபெயிலாகிவிட்டாள்.